கிராதியில் கட்டிவிட்டுப் போன சேவல்

நான் பிறவிக் கிறிஸ்தவன். பன்னிரண்டு வயதில் மலைப்பிரசங்கத்தின் முதல் அதிகாரத்தை ஒரே மூச்சில் ஒப்பித்து, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைப் பரிசாக வாங்கியவன். டப்பா பத்து வருஷம் உழைத்தது. ஒப்பித்ததில் ஒரு வரியைக்கூட நான் செய்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போன நல்ல மனிதரைப் பற்றி எழுதுகிற சாக்கில் தன்னையும் நல்லவனாகக் காட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அவர் வெல்டர். நானும் வெல்டர். எண்பதுகளின் கடைசியில் கோவில்பதாகை ரோட்டில் எங்கள் பட்டறைகள் எதிரெதிரே இருந்தன. அதற்கு முன் ஏழு வருஷம் ஒரே கொட்டகையில், ஒரே வெல்டிங் டிரான்ஸ்பார்மரில், ஒருவர் மாற்றி ஒருவர் பற்றவைத்திருக்கிறோம். இடம் போதாமல் நான் எதிர்ப்பக்கம் போனேன். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை பிறகு வந்தது.

என்னைவிட மூன்று வயது பெரியவர். தெருவே அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடும். குள்ளம். முன்கை முழுக்க நெருப்புப்பொறி சுட்ட புள்ளிகள். சிரித்தால் எதிர்ப்பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். வேறு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

முப்பத்தைந்து வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ்களின் போர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். "ஐயப்பன்தாங்கல்னு படிக்கத் தெரிஞ்சிகினவனுக்கு வேதத்துல எந்தப் பேரு மாமே கஷ்டம்?" என்பார். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது சர்ச் வாசலில் போய் உட்கார்ந்தார். மனைவி பிழைத்தாள். இவர் அதற்கப்புறம் சர்ச்சை விட்டு நகரவில்லை. போதகர் இவர் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, "முதல் பக்கத்திலிருந்து படியுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை இவர் செய்த விதம் போதகரே எதிர்பார்க்காதது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை கொடுக்க வருகிறவர் அளவு சொன்னதும், பட்டறை வாசலில் சாத்தி வைத்திருக்கும் இரும்புத் தகட்டில் சாக்பீஸால் எழுதிவிடுவோம். ஜன்னல், நாலுக்கு மூணு, ரெண்டு. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் அழிப்போம். முடியாத வேலை அழியாமல் நின்று கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அவர் வேதத்தையும் அதே தகட்டில், ஜன்னல் அளவுக்கும் கேட் அளவுக்கும் நடுவே எழுத ஆரம்பித்தார். வசனத்தை அப்படியே எழுதமாட்டார். அதில் தான் செய்யவேண்டியது என்னவோ அதை மட்டும் சுருக்கி, தன் பேச்சில் எழுதுவார்.

"இன்னா அண்ணாத்தே, ஆண்டவரு ஆர்டர் குட்த்துட்டுப் போனாரா?" என்று கேட்டேன்.

"பின்ன? கஸ்டமர் அளவு சொல்லிட்டுப் போறான். நான் ஜன்னலப் பண்ணாம அந்த அளவயே தெனம் ராகம் போட்டுப் படிச்சிகினு இருந்தா செருப்பால அடிக்கமாட்டான்?"

எனக்குச் சுருக்கென்றது. சோப்பு டப்பா ஞாபகம் வந்தது. வழக்கம்போல் கோபம்தான் பட்டேன்.

அவர் தனக்கு ஒரு விதி வைத்திருந்தார். எழுதியதைச் செய்து முடிக்கும்வரை அடுத்த வரிக்குப் போகக்கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. வெல்டிங் ராடு வருகிற பாக்கெட்டின் அட்டையைக் கிழித்து, அதைப் புத்தகத்தில் வைத்துக் கீழே இருக்கிற வரிகளை மறைத்துவிட்டுத்தான் படிப்பார். செய்து முடித்தால் தகட்டை அழித்துவிட்டு, கொட்டகையில் கம்பியில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடிப்பார். டணார் என்று ரோடு முழுக்கக் கேட்கும். அதன் பின்னாலேயே சிரிப்பு வரும்.

"முடிச்சிட்டான்யா" என்பாள் டீக்கடைக்காரம்மா. எங்கள் இரண்டு பட்டறைக்கும் டீ கொடுத்தவள். அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவள். அந்தத் தகட்டை எங்கள் சபையில் எவனும் படிக்காத அளவுக்கு அவள் படித்தாள்.

முதல் பக்கம் வெறும் பெயர்கள். இன்னாருக்கு இன்னார் மகன் என்று வரிசையாகப் போகும். "இதுல உனுக்கு இன்னா வேல கீது?" என்று நக்கல் செய்தேன். ரெண்டு நாள் யோசித்தார். அப்புறம், "இத்தினி பேரு போட்டுகீறாங்க. எங்க தாத்தா பேரே எனக்குத் தெரியல மாமே" என்று சொல்லி, வேப்பம்பட்டுக்கு ரயிலேறிப் போய் ஒரு கிழட்டு அத்தையைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். டணார். தாத்தா பெயரை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வேலை செய்தார்.

ஒரு தடவை தகட்டில் இப்படி எழுதியிருந்தது: திட்டு வாங்கினா சந்தோசப்படு.

அதைப் பார்த்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ரோட்டைக் கடந்து போய், மூச்சு விடாமல் அரை மணி நேரம் திட்டினேன். அவர் தலை, உயரம், அவர் பற்றவைக்கும் லட்சணம் எதையும் விடவில்லை. அவர் ஹோல்டரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, இடுப்பில் கைவைத்து ஆட ஆரம்பித்தார். நிஜமான ஆட்டம். டீக்கடைக்காரம்மா கிளாஸைக் கீழே போட்டுவிட்டாள்.

"யோவ், இது இந்தத் திட்டு இல்ல. வேதத்துக்காகத் திட்டு வாங்கினாத்தான் கணக்கு" என்றேன். படித்தவன் அல்லவா நான்.

ஆட்டம் நின்றது. "அப்டியா போட்டுகீது?" மறுபடி எழுத்துக்கூட்டிப் பார்த்தார். "ஆமால்ல. அப்ப இது கணக்குல வராது." அழிக்கவில்லை. நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு கான்ட்ராக்டர் வந்து நடுரோட்டில் கேவலமாகத் திட்டிவிட்டுப் போனான். அவன் ஸ்கூட்டர் திருப்பம் தாண்டுவதற்குள் டணார் கேட்டது.

விளக்கை மூடி வைக்காதே என்ற வரிக்குச் சர்ச்சில் எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர் ரோடு திரும்புகிற இருட்டு முனையில் கம்பம் நட்டு ஒரு குண்டு பல்பு மாட்டினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சாயங்கால ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் அந்த முனையில்தான் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். பல்பு வந்தபிறகு நின்று பூ வாங்கிக்கொண்டு போனார்கள்.

"இதுக்கு அர்த்தம் இது இல்ல அண்ணாத்தே. நல்ல நடத்தையத்தான் வெளிச்சம்னு சொல்றாங்க" என்றேன்.

"சரி மாமே. அது வர்ற வரைக்கும் இது எரியட்டும்."

யாரையும் முட்டாள்னு சொல்லாத என்ற வரி பதினோரு நாள் நின்றது. பட்டறையில் அந்த வார்த்தை இல்லாமல் வேலை ஓடாது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வரை தாக்குப்பிடிப்பார், கடைசியில் ஏதாவது ஒரு ஆங்கிள் இரும்பு கோணலாகப் போய், வாய் தவறிவிடும். மறுநாள் முதலிலிருந்து. பன்னிரண்டாம் நாள் அழித்தார்.

இப்படியே ஒரு வருஷத்தில் நாலு பக்கம் போனார். போதகர் ஒருநாள் பட்டறைக்கு வந்தவர் தகட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த வேகத்துல போனா நீங்க முடிக்கறதுக்குள்ள ஆண்டவரே வந்துடுவார்" என்றார்.

"வரட்டும் பாஸ்டர். இன்னா முடிச்சேன்னு கேட்டா நாலு பக்கம்னு சொல்லுவேன். படிச்சேன்னு சொல்லமாட்டேன். முடிச்சேன்னு சொல்லுவேன்."

இனி சண்டைக்கு வருகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு மழலையர் பள்ளிக்கு நான் கேட் செய்தேன். கரன்ட் வெட்டு, அவசரம், என் சோம்பல். மேல் கீலை முழுதாகப் பற்றவைக்காமல் இரண்டு பொட்டு மட்டும் வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டேன். பொட்டு என்றால் தற்காலிகமாக ஒட்டி வைப்பது. அதன்மேல் முழுதாக ஒரு ஓட்டு ஓட்டவேண்டும். மறுநாள் வந்து ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேனா என்பதுகூட இப்போது எனக்குச் சந்தேகம்தான்.

கேட்டை மாட்டுகிற அன்று டீச்சரம்மா, பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் என்று கூட்டம். அவரும் வந்தார். கேட்டைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். நகத்தால் பெயின்டைச் சுரண்டினார்.

"இன்னா மாமே, இது கேட்டா, அப்பளமா? பொட்டு வெச்சி பெயின்ட் அடிச்சிகீற? பசங்க ஏறி ஆடினா நொறுங்கிடும்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் "அப்பளம், அப்பளம்" என்று கத்தின. நான் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். கீலை அவரே அங்கேயே நின்று முழுதாகப் பற்றவைத்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு கோவில்பதாகை ரோட்டில் எனக்குப் பெயர் அப்பளம். பட்டறையைத் தேடி வருகிறவனிடம் வழி சொல்கிறவன்கூட, "அப்பளக்காரரா? நேரா போ" என்பான். முட்டாள் என்று அவர் சொல்லவில்லை. வரிப்படி தப்பு இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

ஏழு வருஷம் ஒரே டிரான்ஸ்பார்மரில் பற்றவைத்தவர்கள் பேச்சை நிறுத்தினோம். நிறுத்தியவன் நான்தான். அவர் "மாமே" என்றால் நான் கிரைண்டரைப் போட்டுவிடுவேன்.

அந்த வாரமே அவர் தகட்டில் அடுத்த வரி வந்தது: காணிக்கைய அங்கியே வெச்சிட்டுப் போ. மொதல்ல உம்மேல மனத்தாங்கலா கீறவன் கிட்ட ராசியாவு.

அவர் எனக்காகத் தேடி எழுதவில்லை. வரிசையில் அதுதான் வந்தது. எழுதி முடித்துவிட்டு, சாக்பீஸ் கையோடு திரும்பி என் பட்டறையைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அன்றைக்கே வந்தார். நேராகப் பேசினார்.

"மன்னிச்சிக்கோ மாமே. ஆனா கீலு பொட்டுதான?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் அடித்தேன். போய்விட்டார்.

பத்து நாள் கழித்து இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார். இந்தத் தடவை கீலைப் பற்றிப் பேசவில்லை. "ராசியாயிடலாம் மாமே" என்றார். நான் மனதில் கூர்தீட்டி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நீ எனக்காகவா வந்த? உன் புக்குக்காக வந்த. உனுக்கு அடுத்த வரி போவணும். அதுக்கு நான் இன்னா டிக்கெட்டா? கிழிச்சிகினு போறதுக்கு?"

அவர் முகம் விழுந்தது. டீ கிளாஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்த வரி அழியவில்லை. தண்டவாளத் துண்டில் துரு ஏறியது. ஜன்னல் அளவுகள் வந்தன, போயின. அந்த ஒரு வரி மட்டும் நின்றது. மழைச்சாரலில் கலைந்தால் மறுபடி எழுதினார். அவர் சிரிப்பும் நின்றுபோனது. பட்டறையில் வேலை நடந்தது, சாப்பிட்டார், பேசினார், ஆனால் அந்தச் சத்தம் இல்லை. விளக்குக் கம்பத்துப் பெண்கள்கூட, "அண்ணாத்தேக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று டீக்கடையில் விசாரித்தார்கள்.

டீக்கடைக்காரம்மா என்னிடம் வந்தாள். "யோவ் அப்பளம், அந்த ஆளு சிரிச்சித்தான் எங்கடையில வியாபாரம். நீ இன்னாதான் நெனச்சிகினு கீற?"

"உன் வேலையப் பாரு" என்றேன். அவள் எனக்கு ஒரு வாரம் டீ கொடுக்கவில்லை.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நிலம் வைத்திருக்கிறவர்கள் எங்களில் நாலு பேர்தான். ஆனால் எல்லோரும் ஏதாவது கொண்டுவருவார்கள். பூசணிக்காய், தேங்காய், கேக்கு, துணி, கோழி. பீடத்துக்கு முன் படைத்து, ஜெபம் முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பின்னால் பிரியாணி. நான் அந்த வருஷம் போகவில்லை. அங்கே அவர் இருப்பார் என்பதுதான் காரணம். அங்கே நடந்ததை என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தன் மனைவி பிழைத்ததற்கு நன்றியாக அவர் ஒரு சேவலை ஒரு வருஷமாக வளர்த்திருந்தார். சிவப்பும் கறுப்பும் கலந்த, திமிர் பிடித்த சேவல். அதைக் கொண்டுவந்து, பீடத்துக்கு முன்னால் அவரே செய்து மாட்டிய இரும்புக் கிராதியில் காலைக் கட்டினார். திரும்பி வந்து உட்காரப் போனவர் பாதியில் நின்றார். சேவலைப் பார்த்தார். அதுவரை மூன்று மாதமாக அவருடைய காணிக்கை எதுவும் பீடத்தின் முன்னால் இல்லை. இப்போது இருக்கிறது. இரும்புக் கிராதியில் கட்டியிருக்கிறது. அவருக்கு வேறு அர்த்தமெல்லாம் தெரியாது. அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறது.

"பாஸ்டர், தோ வந்துட்றேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, ஆராதனை நடுவே, சபை முழுக்கப் பார்க்க, வெளியே ஓடிவிட்டார்.

நான் வீட்டில் லுங்கியும் பனியனுமாகச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் முடிந்திருந்தது. மீதியில் சோப்பு நுரை. சைக்கிள் சுவரில் மோதி விழுகிற சத்தம் கேட்டது. வாசலில் அவர் நின்றார். வெள்ளைச் சட்டை நனைந்திருந்தது. தோளில் ஒரு சேவல் இறகு.

"மாமே, கதவ சாத்தாத. ஒரு நிமிசம்."

"புக்குக்காகத்தான வந்த?"

"ஆமா. பொய் சொல்லமாட்டேன். புக்குதான் தொரத்திச்சி. ஆனா சைக்கிள்ல வர்றப்போ எனக்கு ஒண்ணு தெரிஞ்சிபோச்சி." மூச்சு வாங்கினார். "கீலு பொட்டுன்னு நான் சொன்னது நெசம். உன்னத் தனியா இட்டுகினு போய் காதுல சொல்லியிருந்தாலும் அது நெசம்தான். ஏன் அப்டி சொல்லல? ஜனம் நின்னுகினு இருந்திச்சி. அப்பளம்னு வாய்ல வந்திச்சி. வுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு சோக்கா இருந்திச்சி மாமே. உம்மூஞ்சி செத்துப்போனத நான் பாத்தேன். பாத்துகினே எனக்கு சோக்கா இருந்திச்சி. மூணு மாசமா அத்த மட்டும் நான் சொல்லல. அதுக்குத்தான் வந்தேன்."

நான் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோபப்பட ஒரு காரணம் வேண்டும் என்று தேடினேன். எப்போதும் ஏதாவது கிடைக்கும். அன்றைக்குக் கிடைக்கவில்லை. அவர் எனக்காகத்தான் வந்திருக்கிறார். என் முகம் செத்துப்போனதை இந்த ஊரில் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"கீலு..." என்றேன். பிளேடைக் கீழே வைத்தேன். "பொட்டுதான் வெச்சேன் அண்ணாத்தே."

"தெரியும்யா. நான்தான முழுசா பத்தவெச்சேன்?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். என் வாய்க்குள் சோப்பு போனது.

"வா மாமே. சேவலு அங்க தனியா கீது."

மீதிச் சவரத்தை முடிக்க அவர் விடவில்லை. நுரையைத் துடைத்துக்கொண்டு, சட்டையும் வேட்டியும் மாற்றிக்கொண்டு, ஒரு கன்னத்தில் தாடியோடு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தேன். டீக்கடையைத் தாண்டும்போது அவள் கடைக்கு வெளியே ஓடிவந்தாள். "அய்ய! அப்பளமும் அண்ணாத்தேயும் ஒரே சைக்கிள்ல போவுது பாரு!"

சர்ச்சில் காணிக்கை ஜெபம் இன்னும் தொடங்கவில்லை. அவர் ஓடியதும் சிலர் முணுமுணுத்தார்களாம். போதகர் மட்டும் கொஞ்சநேரம் அந்தச் சேவலைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "வெச்சிட்டுப் போனவர் திரும்பி வந்துதான் செலுத்தணும். அப்படித்தான் எழுதியிருக்கு. அவர் வர்ற வரைக்கும் நாம பாடுவோம்." எட்டுப் பாட்டு பாடியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் சேவல் கூவியிருக்கிறது. ஆர்மோனியம் வாசித்தவருக்குக் கை வலித்துவிட்டது. பின்னால் பிரியாணி அண்டா மூடி திறக்காமல் மணத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் முன்வரிசைப் பாட்டியம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்து, "யப்பா, ராசியாயிட்டீங்களா? வயிறு கத்துதுப்பா" என்றாள்.

நான் பேசவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. கிராதி அருகே போனதும் என் வாய் திறந்துகொண்டது.

"பள்ளிக்கூடத்து கேட்டுல மேல் கீலுக்கு நான் பொட்டுதான் வெச்சேன். அண்ணாத்தே சொன்னது சரி."

அவ்வளவுதான் சொன்னேன். சேவல் கூவியது. சபை முழுக்கச் சிரித்தது. அதே மாதிரிச் சிரிப்புதான், அதே ஜனங்களில் பாதிப் பேர்தான். இந்தத் தடவை எனக்கு வலிக்கவில்லை. அவர் சேவலை அவிழ்த்துத் தூக்கினார். என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். "புடி மாமே. ரெண்டு பேரு காணிக்க." சேவல் என் மணிக்கட்டைக் கொத்தியது. தழும்பு இருக்கிறது.

ஏலத்தில் அந்தச் சேவலை நான்தான் எடுத்தேன். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை, எல்லோருக்கும் பசி. அறுக்க மனம் வராமல் வளர்த்தேன். கடைசிவரை என்னைக் கொத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை ரோட்டைக் கடந்து அவர் பட்டறைக்குப் போனேன். ஈரத்துணியை என்னிடம் நீட்டினார். "நீ அழி. இது உன் வேல." அழித்தேன். சுத்தியலையும் என்னிடமே கொடுத்தார். அடித்தேன். துரு உதிர்ந்தது. டணார். டீக்கடைக்காரம்மா கைதட்டினாள்.

அவர் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை மூக்கில் மாட்டி, மூன்று மாதமாக அசையாத அட்டையை ஒரு வரி கீழே இறக்கினார். எழுத்துக்கூட்டிப் படித்தார். நிறுத்தினார். மறுபடி படித்தார். அப்புறம் மெல்ல ராடு பெட்டிமேல் உட்கார்ந்தார். அங்கிருந்து தரையில் சரிந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மூன்று மாதச் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணீர் வழிந்தது.

"இன்னாய்யா? இன்னா போட்டுகீது?" என்று டீக்கடைக்காரம்மா பதறினாள்.

அவரால் பேச முடியவில்லை. சாக்பீஸை எடுத்து, தரையில் உட்கார்ந்தபடியே தகட்டின் கீழ் மூலையில் எழுதினார்: எதிராளியோட ஜல்தியா ராசியாவு.

"ஜல்தியாவாம் மாமே!" என்றார். "ஜல்தியா! நான் மூணு மாசம் இங்கியே குந்திகினு இருந்தேன். அட்டய ஒரு வரி எறக்கியிருந்தா..."

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவையாகப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"மூணு மாசமாவா?"

"பன்னெண்டு வயசுலேர்ந்து. அந்த அதிகாரம் முழுக்க மனப்பாடம். சோப்பு டப்பா குட்த்தாங்க."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் அட்டய வெச்சி மறச்சிகினு படிக்கல" என்றார். "நீ தெறந்து வெச்சிகினே படிக்கல. ரெண்டு பேரும் ஒரே கொட்டாய் வெல்டருதான்யா!"

மறுபடி சிரித்துச் சரிந்தார். அந்தத் தடவை நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரம்மா இரண்டு டீயை வைத்துவிட்டு, "ரெண்டும் லூசு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த விதியை அன்றோடு மாற்றினார். அட்டையை எப்போதும் ஒரு வரி தள்ளி வைத்தார். என் பட்டறை வாசலிலும் ஒரு தகடு வந்தது. அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் வரிகள் அநேகமாக அழியாது. கோபத்தைப் பற்றிய வரியை எழுதி அழித்து எழுதி, அந்த இடத்தில் இரும்பே வெளுத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்வேன். செய்து முடித்து அந்தத் துண்டை அடிக்கும்போது நெஞ்சில் வருகிறதே, அதை ஒப்பித்து வாங்க முடியாது. ஐம்பது வருஷம் சர்ச்சில் உட்கார்ந்தும் வாங்க முடியாது. எனக்கு அது பன்னிரண்டு வயதிலேயே கிடைத்திருக்கவேண்டியது. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அவர் நெஞ்சு நோய் வந்து இறந்துபோனார். பத்து நாள்தான் படுத்தார். அடக்கம் முடிந்து நான் அவர் பட்டறையைப் பூட்டப் போனபோது தகட்டில் ஒரு வரி இருந்தது. அதுதான் அவர் எழுதிய கடைசி. எழுத்துகள் கோணலாக இறங்கியிருந்தன: சின்னப் பசங்களுக்கு ஜில்லுனு ஒரு கிளாஸ் தண்ணி.

நான் அங்கேயே உட்கார்ந்து அளவு போட்டேன். அவருடைய ஆங்கிளையும் அவருடைய ராடையும் எடுத்து, இரண்டு பெரிய மண்பானை நிற்கிற மாதிரி ஒரு ஸ்டாண்டு செய்தேன். நாலு காலுக்கும், குறுக்குப் பட்டைகளுக்கும், எல்லா மூட்டுக்கும் முழு ஓட்டு. எங்கேயும் பொட்டு இல்லை. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மழலையர் பள்ளிக் கேட்டுக்கு உள்ளே, வேப்பமர நிழலில் வைத்து, இரண்டு பானை வாங்கி ஏற்றித் தண்ணீர் நிரப்பினேன். மேல் கீலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன். அவர் பற்றவைத்தது. அசையவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவந்து, தண்ணீரைக் குடித்ததைவிட ஒருவர்மேல் ஒருவர் ஊற்றிக்கொண்டதுதான் அதிகம்.

திரும்பி வந்து ஈரத்துணியால் அந்த வரியை அழித்தேன். சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தேன்.

எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "முடிச்சிட்டான்யா" என்றாள்.